மடிக்கணினியின் விசிறி ஏன் இரைகிறது?

மடிக்கணினி வைத்திருக்கும் மாணவர் பலர் கூறும் குறை ஒன்று உண்டு. கட்டுரை எழுதும்போதும் பாடம் படிக்கும்போதும் ஓசையின்றி இருக்கும் கருவி, திரைக்காட்சிகளைத் தொகுக்கும்போதும், பெரிய விளையாட்டொன்றை இயக்கும்போதும், பொறியியற் கணக்குகளைச் செய்யும்போதும் திடீரென்று இரையத் தொடங்குகிறது. அடிப்பாகம் தொட முடியாதபடி சுடுகிறது. விலையும் ஆற்றலும் மிகுந்த கருவிகளிலேயே இக் குறை மிகுதியாகக் காணப்படுகிறது. 'இவ்வளவு பணம் கொடுத்து வாங்கியும் இப்படி இரைகிறதே!' என்று சிலர் சலித்துக்கொள்கின்றனர். வேறு சிலர், விசிறியை மெதுவாகச் சுழலச் செய்யும் மென்பொருளைத் தேடிப்பிடித்து அதன் வாயை அடைத்துவிடுகின்றனர். இந்த இரண்டாம் வகையார் செய்வது தீங்கு தரும் செயல். அஃது ஏன் தீங்கு, தீங்கின்றி இரைச்சலைக் குறைக்கும் வழி யாது என்பவற்றை இன்று ஆராய்வோம்.

முதலில் இவ் வெப்பம் எங்கிருந்து வருகிறது என்று காண்போம். மின்னோட்டம் ஒரு கம்பி வழியே பாயும்போது வெப்பம் பிறக்கிறது. அதன் அளவை 1841-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் என்னும் ஆங்கில விஞ்ஞானி விதியாக வகுத்து வெளியிட்டார். கணினியின் மூளை எனத்தக்க செயலியில், சிறிய சிலிக்கன் துண்டொன்றில், பல நூறு கோடி டிரான்சிஸ்டர்கள் அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நுண்ணிய மின்சுவிட்சு. இச் சுவிட்சுகளை இயக்கும் மின் துடிப்பு வினாடிக்குப் பல நூறு கோடி முறை அடிக்கிறது. சுவிட்சு மாறும் ஒவ்வொரு முறையும் சிறிதளவு மின்னூட்டம் ஏறி இறங்குகிறது. அதன் ஆற்றல் வெப்பமாக மாறிவிடுகிறது.

மின்சார மோட்டார் ஒன்று கிணற்றிலிருந்து நீரை இறைக்கிறது என்று கொள்ளுவோம். அது செலவிட்ட ஆற்றலில் ஒரு பகுதி, மேலே ஏறி நிற்கும் நீரில் தங்கியிருக்கும். கணினியிடம் அப்படித் தங்குவது ஏதும் இல்லை. கணக்கு முடிந்து விடை திரையில் தோன்றிவிடும். அதற்காகக் கொண்ட மின்சாரமோ ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகியிருக்கும். ஆதலால் 100 வாட் மின்சாரத்தைக் கொள்ளும் கணினி, 100 வாட் அளவுள்ள அடுப்பே ஆகும். முன்னாளில் வீடுகளில் எரிந்த 100 வாட் இழை விளக்கை விரலால் தொட்டவர்கள் அதன் சூட்டை மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய விளக்கை இரண்டு சென்டிமீட்டர் கனமுள்ள மூடிய பெட்டிக்குள் எரியவிட்டால் எப்படி இருக்கும்? ஆற்றல் மிக்க மடிக்கணினியில் செயலியும், படங்களை வரையும் வரைகலைச் செயலியும் ஒருங்கே முழு வேகத்தில் உழைக்கும்போது உள்ள நிலை அதுவே.

இது புதிய தொல்லை அன்று. 1946-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் உலகிற்கு அறிமுகமான 'எனியாக்' என்னும் மாபெரும் கணினியில் ஏறத்தாழ 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அது சுமார் 150 கிலோவாட் மின்சாரத்தைக் கொண்டது. அதைக் குளிர்விக்கவே பெரிய காற்றூதிகள் வேண்டியிருந்தன. பின்னர் டிரான்சிஸ்டர் வந்தது. அதைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்துக்கொண்டு வந்தால், குறிப்பிட்ட பரப்பில் பிறக்கும் வெப்பம் மிகாது என்று ராபர்ட் டென்னார்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1974-இல் எடுத்துக்காட்டினர். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்நெறி தொழிலுக்குக் கைகொடுத்தது. அதன்பின் மின்னழுத்தத்தை மேலும் குறைப்பது அரிதாயிற்று. 2004-இல் இன்டெல் நிறுவனம் 'டெஜாஸ்' என்று பெயரிட்டிருந்த செயலித் திட்டத்தைக் கைவிட்டு, ஒரே துண்டில் பல செயலிகளை அமைக்கும் வழிக்குத் திரும்பியது. வேகத்தை மேலும் மேலும் ஏற்றிக்கொண்டே போக வெப்பம் இடம் தரவில்லை. இன்று ஒரு கணினி எவ்வளவு வேகமாக உழைக்கலாம் என்பதற்கு எல்லை வகுப்பதில் வெப்பத்திற்குப் பெரும்பங்கு உண்டு.

பிறந்த வெப்பம் வெளியேறும் வழியை இனிப் பார்ப்போம். செயலியின் மேல் ஒரு வெப்பப் பசை பூசப்பட்டிருக்கிறது. இரு பரப்புகளுக்கும் இடையே காற்று புகாதபடி அது இடுக்குகளை நிரப்புகிறது. அதன்மேல் செம்பினால் ஆன வெப்பக் குழாய் படிந்திருக்கிறது. இக் குழாய் நுட்பமானது. 1963-இல் அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் என்பவர் விண்வெளித் தேவைகளை மனத்திற்கொண்டு இதனை உருவாக்கினார். இதன் செயலை நம் வீட்டிலேயே காணலாம். சோறு கொதிக்கும் பானையின் மூடியைத் திறந்தால், உட்புறத்தில் நீர்த்துளிகள் அரும்பியிருக்கும். கீழே நீர் வெப்பத்தை வாங்கி ஆவியாயிற்று. மேலே அவ்வெப்பத்தை மூடிக்குக் கொடுத்து மீண்டும் நீராயிற்று. வெப்பக் குழாயிலும் இதுவே நிகழ்கிறது. அதனுள் சிறிதளவு நீர் இருக்கிறது. காற்று நீக்கப்பட்டிருப்பதால் குறைந்த வெப்பத்திலேயே அந்நீர் ஆவியாகிறது; செயலியின் வெப்பத்தைச் சுமந்துகொண்டு மறுமுனைக்கு ஓடிக் குளிர்ந்து நீராகிறது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல, குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் படலம் அந்நீரைத் திரும்ப இழுத்துவருகிறது.

மறுமுனையில் மெல்லிய தகடுகள் நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. விசிறி, அடியிலுள்ள துளைகளின் வழியே குளிர்ந்த காற்றை உறிஞ்சி, அத் தகடுகளின் ஊடே செலுத்தி, பக்கவாட்டிலோ பின்புறத்திலோ வெளியேற்றுகிறது. ஒரு சிறு கணக்குச் செய்து பார்ப்போம். 100 வாட் வெப்பத்தை வினாடிக்கு 5 லிட்டர் காற்று சுமந்து செல்லுமாயின், அக்காற்றின் வெப்பநிலை சுமார் 17 டிகிரி உயரும். அறையில் 35 டிகிரி என்றால், வெளிவரும் காற்று 52 டிகிரி. அறையின் வெப்பநிலை ஏற ஏற, உள்ளிருக்கும் செயலியின் வெப்பநிலையும் ஏறத்தாழ அதே அளவு ஏறும். மடிக்கணினி செய்வோர் பலர் தம் கருவிகளைச் சுமார் 35 டிகிரிக்கு உட்பட்ட சூழலில் இயக்குமாறு கூறுகின்றனர். வேலூரிலும் திருச்சியிலும் கோடைக்காலப் பகலில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இனி ஓசையைப் பற்றிச் சிறிது. விசிறியின் வேகத்தை இருமடங்காக்கினால் காற்றும் இருமடங்கு வரும். ஆனால் ஓசை சுமார் 15 டெசிபெல் கூடிவிடும். 10 டெசிபெல் கூடினாலே ஓசை இருமடங்கானதாகச் செவிக்குத் தோன்றும் என்பர். ஆகவே சற்றே மிகுதியான காற்றுக்காக நாம் கொடுக்கும் விலை பெரிது. இவ் விதி நமக்கு உதவியாகவும் அமையும். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைக்க முடியுமாயின், சுமார் 5 டெசிபெல் ஓசை குறைந்துவிடும்.

அங்ஙனமாயின், விசிறியை மட்டும் குறைத்துவிட்டால் என்ன? வெப்பம் வெளியேற வழியின்றி உள்ளே தேங்கும். செயலியின் வெப்பநிலை 100 டிகிரியை நெருங்கும்போது, அது தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேலும் சூடேறினால் கருவி அணைந்துவிடும். சேமிக்காத உழைப்பு அதனுடன் போய்விடும். அருகிலுள்ள லித்தியம் மின்கலத்திற்கோ வெப்பம் கொடிய பகை. தொடர்ந்து சூடேறும் மின்கலம் விரைவில் மூப்படைகிறது; சில வேளைகளில் உப்பிக்கொள்கிறது. உப்பிய மின்கலத்தை அழுத்துவதும், குத்துவதும், மீண்டும் மின்னேற்றுவதும் தீ விபத்தில் கொண்டுவிடலாம். எனவே விசிறியின் இரைச்சல் ஓர் எச்சரிக்கை. அதனைக் கேட்டு, அதன் காரணத்தை நீக்குவதே அறிவுடைமை.

காரணத்தை நீக்க இரண்டு வழிகளே உள. ஒன்று, வெப்பம் வெளியேறும் பாதையைத் திறந்துவைப்பது. மற்றொன்று, பிறக்கும் வெப்பத்தையே குறைப்பது.

முதல் வழி எளிது, செலவற்றது. மடிக்கணினி என்ற பெயர் இருப்பினும், ஆற்றல் மிகுந்த கருவியை மடியில் வைத்தல் ஆகாது. மெத்தையும் தலையணையும் அடியிலுள்ள துளைகளை முற்றிலும் அடைத்துவிடும். நெடுநேரம் தொடையில் வைத்திருப்போரின் தோலில் வலைபோன்ற செந்நிறத் தழும்பு தோன்றுவதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கின்றனர். காஷ்மீரத்தில் குளிருக்காகத் தணற்சட்டியை உடலோடு அணைத்துக்கொள்வோருக்கு உண்டாகும் தழும்பும் இதுவே. ஆகவே கெட்டியான மேசைமேல் வையுங்கள். பின்புற ஓரத்தை இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் உயர்த்தினால் காற்று தாராளமாகப் புகும். வெளியேறும் சூடான காற்று சுவரில் மோதித் திரும்பாதபடி இடம் விடுங்கள்.

அடுத்தது தூசி. செம்பு வெப்பத்தை எளிதிற் கடத்தும். அசையாக் காற்றோ செம்பினும் பல்லாயிரம் மடங்கு குறைவாகக் கடத்தும். தகடுகளின் இடையே பஞ்சுபோலப் படியும் தூசி, அசையாக் காற்றைச் சிறைப்பிடித்து வைத்துக்கொள்ளும் போர்வை ஆகிறது. கருவியை அணைத்து, மின்னிணைப்பை நீக்கிய பிறகு, துளைகளின் வழியே காற்றைச் சிறிது சிறிதாக ஊதித் தூசியை அகற்றலாம். அப்போது விசிறி கண்டபடி சுழன்று கெடாதவாறு அதைத் தடுத்துப் பிடிக்க வேண்டும். மூடியைக் கழற்றுவதும், உலர்ந்துபோன வெப்பப் பசையை மாற்றுவதும் தேர்ந்த பழுதுநீக்குவோரிடம் விடத்தக்க பணிகள்.

இரண்டாம் வழியே சிறப்புடையது. செயலி கொள்ளும் மின்திறன், அதன் வேகத்தையும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. உச்ச வேகத்தை எட்டுவதற்கு மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டியிருக்கிறது. வேகத்தில் பத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து, மின்னழுத்தமும் பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்று கொள்ளுங்கள். 0.9-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.729. அதாவது பத்து விழுக்காடு வேகத்தைத் துறந்து, 27 விழுக்காடு வெப்பத்தைத் தவிர்த்துவிட்டோம்! விசிறியும் தானே அடங்கும். விண்டோஸ் கணினியில் 'பவர்' அமைப்புக்குச் சென்று, உச்சச் செயல்திறனை விட்டு நடுத்தர நிலையைத் தேர்ந்தால் பெரும்பாலும் இப் பயன் கிட்டும். செயலியின் உச்ச அளவை 100-லிருந்து 99 விழுக்காடாக மாற்றினால், பல கருவிகளில் செயலி தன் இயல்பான வேகத்தைத் தாண்டி எழும் மிகைவேகம் நின்றுவிடும். விளையாட்டுகளில், வினாடிக்கு 60 படங்களையே காட்டவல்ல திரைக்கு வரைகலைச் செயலி 140 படங்களை வரைவது வீண் உழைப்பு. அதற்கு வரம்பு கட்டுங்கள். ஒன்றும் செய்யாதபோதே விசிறி இரைந்தால், 'டாஸ்க் மேனேஜர்' என்னும் பகுதியைத் திறந்து, எந்த நிரல் மறைவில் உழைக்கிறது என்று பாருங்கள்.

செய்யத் தகாதவையும் சில உள. பனிக்கட்டியையோ ஈரத்துணியையோ கருவியின் அடியில் வைத்தல் கூடாது. குளிர்ந்த பரப்பில் நீர் அரும்பி மின்சுற்றைக் கெடுத்துவிடும். காற்றின் சீரான இரைச்சல் இயல்பானது. கரகரவென்று உராயும் ஓசை கேட்டால், விசிறியின் அச்சு தேய்ந்திருக்கலாம். அதனை மாற்றுவதே முறை. கருவியின் அடிப்பாகமோ விசைப்பலகையோ மேடிட்டுக் காணப்பட்டால், மின்கலம் உப்பியது என ஐயுற்று, உடனே பயன்படுத்துவதை நிறுத்துங்கள்.

2020-இன் இறுதியில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட மாக்புக் ஏர் மடிக்கணினியில் விசிறியே இல்லை. குறைந்த மின்சாரத்தில் உழைக்கும் செயலி அதற்குத் துணையாயிற்று. ஆயினும் நெடுநேரம் கடுமையாக உழைத்தால் அதுவும் சூடேறி வேகம் குறையவே செய்யும். இயற்கையின் கணக்கிலிருந்து எக் கருவியும் தப்புவதில்லை. எந்த வேலைக்கு எவ்வளவு வேகம் போதும் என்று அளந்து பயன்படுத்துங்கள். கட்டுரை எழுதுவதற்குக் கால்பங்கு ஆற்றலே போதும். திரைக்காட்சியைத் தொகுக்கும் அந்த அரைமணி நேரம் விசிறி இரையட்டும். அது தன் கடமையைச் செய்கிறது.