மோதலுக்குப் பின் ஒரு பக்கம் இழுக்கும் டிராக்டர்

திண்டுக்கல்லுக்கு மேற்கே மலையடிவாரத்தில் அமைந்த கன்னிவாடிப் பகுதியில், பருவமழைக்கு முன் உழவை முடிக்கும் அவசரத்தில், டிராக்டரின் முன்சக்கரம் வரப்புக் கல்லிலோ மரவேரிலோ மோதுதல் அரிதன்று. மோதிய வண்டி பின்னரும் ஓடவே செய்கிறது; ஆயினும் ஸ்டீயரிங்கைச் சற்றுத் தளர்த்தியவுடன் ஒரு பக்கமாக இழுக்கிறது. உழவில் இது சிறு தொல்லையே. ஆனால் காய்கறி ஏற்றிய டிரெய்லருடன் ஒட்டன்சத்திரம் சந்தைக்குச் செல்லும் சாலையில் இதே குறை உயிருக்கு அபாயமாக முடியும்.

இழுப்பைக் கண்டவுடன் பலர் செய்வது, இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டைராடு என்னும் குறுக்குக் கம்பியைத் திருகி நீட்டுவதோ குறைப்பதோ ஆகும். இது தவறு. டைராடின் நீளம் மாறினால் சக்கரங்களின் முன்புற இடைவெளி மாறும்; வண்டி ஓடும்போது அம்மாறுதல் இரு சக்கரங்களுக்கும் சமமாகப் பங்கிடப்படும். ஆதலால் டயர் வீணே தேயுமேயன்றி இழுப்பு நீங்காது. இழுப்பென்பது இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் உள்ள வேற்றுமையால் விளைவது. அவ்வேற்றுமை எங்குள்ளது என்பதைக் கிரமமாகத் தேடுதல் வேண்டும். இதற்கு அளவு நாடா, தூக்குக் குண்டு, சுண்ணக்கட்டி, ஜாக்கி ஆகியவை போதும்.

முதலாவது, காற்றும் தரையும். இரு முன்டயர்களின் காற்றழுத்தத்தையும் அளந்து சமமாக்குக. பின்டயர்களுக்கும் அவ்வாறே செய்க. காற்றுக் குறைந்த பக்கமே வண்டி இழுக்கும். பின்னர் டிரெய்லரையும் கலப்பையையும் கழற்றிவிட்டு, சமதரையில் மெதுவாக ஓட்டிப் பார்க்க. அதே தடத்தில் எதிர்த்திசையிலும் ஓட்டுக. முதலில் இடப்பக்கம் இழுத்த வண்டி, திரும்பி வருகையில் வலப்பக்கம் இழுக்குமாயின் குற்றம் தரையின் சரிவைச் சார்ந்தது. இரு திசைகளிலும் ஒரே பக்கம் இழுத்தால் குற்றம் வண்டியில் உள்ளது. கலப்பை பூட்டியபோது மட்டும் இழுத்தால் கலப்பையின் இணைப்பையும் பக்கச் சங்கிலிகளையும் சோதித்தல் வேண்டும்.

இரண்டாவது, பிடிப்பு. இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு பின்வாங்கினால் வண்டி அம்மாட்டின் பக்கம் திரும்புவதை யாவரும் அறிவர். ஒரு சக்கரம் மட்டும் இறுகி ஓடினாலும் இங்ஙனமே நேரும். மற்றச் சக்கரங்களுக்கு அணை கொடுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே ஜாக்கியால் தூக்கிக் கையால் சுழற்றிப் பார்க்க. பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் இழுத்தால், பின்சக்கர பிரேக்குகள் இரண்டும் சமமாகப் பிடிக்கவில்லை என்று கொள்க. சாலையில் செல்லும்போது இரு பிரேக் பெடல்களையும் கொக்கியால் சேர்த்தே வைத்தல் வேண்டும்.

மூன்றாவது, தளர்வு. தூக்கிய முன்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுக. ஆட்டம் தென்பட்டால் சக்கர பேரிங்கோ, கிங்பின் புஷ்ஷோ கெட்டிருக்கலாம். அச்சின் நடுவிலுள்ள சென்டர் பின்னையும் அதன் தாங்கியையும் உற்று நோக்குக. விரிசலும், துரு நீங்கிப் பளபளக்கும் புதுத் தடமும் மோதலின் அடையாளங்கள். ரிம் வளைந்திருந்தால் சக்கரம் தள்ளாடும். அது மட்டுமே இழுப்புக்குக் காரணமாவது அரிது.

நான்காவது, அளவு. இதுவே முடிவான சோதனை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களை நேராக வைக்க. ஒவ்வொரு பக்கத்திலும் கிங்பின்னின் அடிநுனியிலிருந்தும் பின் அச்சின் நடுவிலிருந்தும் தூக்குக் குண்டு விட்டுத் தரையில் குறியிடுக. இரு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரம் இடத்திலும் வலத்திலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். தூரம் குறைந்த பக்கம் அச்சு பின்தள்ளப்பட்டுள்ளது. வண்டியும் அப்பக்கமே இழுக்கும். அடுத்து, நீட்டிக் குறைக்கும் அச்சுக் கைகள் இரு பக்கமும் ஒரே துளையில் பூட்டப்பட்டுள்ளனவா எனப் பார்க்க. பின்னர் சக்கரத்தின் பக்கத்தில் தூக்குநூலைத் தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள இடைவெளிகளை அளந்து, இரு சக்கரங்களையும் ஒப்பிடுக. ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சாய்ந்திருந்தால் அச்சுக்கையோ சக்கரம் தாங்கும் தண்டோ வளைந்துள்ளது.

இவை அனைத்தும் சரியான பின்னரே டைராடைத் தொடுக. ஹப் உயரத்தில் டயர்களின் முன்புறத்தில் சுண்ணக்குறி இட்டு இடைவெளியை அளந்து, அரைச்சுற்று உருட்டி, அதே குறிகள் பின்புறம் வந்தபின் மீண்டும் அளக்க. முன்புற அளவு எத்தனை மில்லிமீட்டர் குறைவாயிருத்தல் வேண்டுமென்பது வண்டியின் கையேட்டில் உள்ளது.

வளைந்த கிங்பின், தண்டு, டைராடு ஆகியவற்றை உலையில் காய்ச்சி நிமிர்த்துதல் கூடாது. காய்ச்சிய எஃகு தன் பதத்தை இழக்கும். பின்னர் ஒரு நாள் பாரத்துடன் செல்கையில் முன்னறிவிப்பின்றி ஒடியும். புதிய உறுப்பின் விலை அந்த ஆபத்தினும் சிறிது.

அளவுகளைத் தேதியுடன் எழுதி வைத்தல் நன்று. பட்டறையில் பேசுவதற்கு அவையே சான்று. காப்பீடு செய்த வண்டியாயின், பழுதுபார்க்கும் முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்கு அறிவித்தல் வேண்டும். மோதிய வண்டியை இச்சோதனைகள் முடியும்வரை டிரெய்லருடன் சாலையில் விடலாகாது என்பதைக் கிராம அலுவலர்கள் டிராக்டர் உடையவர்களுக்கும் வாடகைக்கு ஓட்டுவோருக்கும் எடுத்துரைப்பார்களாயின், பெருஞ்சேதம் தவிரும்.