வெள்ளக் காலத் தூக்கம்: போர்வைக்கு முன் விரிப்பு

வடகிழக்குப் பருவமழை நவம்பர் முதல் மார்ச் வரை நீடிக்கும். தாழ்வான பகுதிகளில் வசிப்பவர்கள் அடையாள அட்டை, மருந்து, கைவிளக்கு, பிஸ்கட் எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்து வைப்பார்கள். ஆனால் வீட்டை விட்டு வெளியேறும் அந்த முதல் இரவில் எதன்மேல் படுப்பது என்று நாம் யோசித்திருக்கிறோமா?

2014 டிசம்பர் வெள்ளத்தில் கிளந்தான், திரங்கானு, பகாங் உள்ளிட்ட மாநிலங்களில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டனர். 2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் பலர் மாடியிலும் கூரையிலும் படகுக்காகக் காத்திருந்தனர். துயர்துடைப்பு மையங்களில் பாயும் போர்வையும் கொடுப்பார்கள் என்பது உண்மைதான். ஆயினும் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வந்து சேரும்போது, முதல் இரவே அனைவருக்கும் அவை கிடைக்கும் என எதிர்பார்க்க முடியாது.

நம் நாடு வெப்ப நாடுதானே, இங்கே என்ன குளிர் என்று கேட்கலாம். விடை இரண்டாம் படிவ அறிவியல் பாடத்திலேயே இருக்கிறது.

தரை ஏன் சில்லிடுகிறது?

ஒரு காலைச் சிமெண்டுத் தரையிலும் மறு காலைப் பாயிலும் வைத்துப் பாருங்கள். தரை சில்லென்று இருக்கும், பாய் அப்படி இருக்காது. ஆனால் ஒரே அறையில் கிடப்பதால் இரண்டின் வெப்பநிலையும் ஒன்றுதான். வேறுபடுவது வெப்பத்தைக் கடத்தும் வேகம். அசையாத காற்றைவிடச் சிமெண்டு சுமார் 40 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33 டிகிரி செல்சியஸ். மழைக்கால இரவில் தரை 25 டிகிரி அளவில் இருந்தால், படுத்திருக்கும் நேரம் முழுவதும் உடலின் வெப்பம் தரைக்குள் இறங்கிக்கொண்டே இருக்கும்.

மேலே தடித்த போர்வை போர்த்தினாலும் இது நிற்காது. போர்வை நம்மைக் காப்பது அதன் இழைகளுக்கிடையே சிக்கியிருக்கும் காற்றால். போர்வையைக் கீழே விரித்துப் படுத்தால் உடல் எடை அந்தக் காற்றைப் பிழிந்து வெளியேற்றிவிடும். ஆகவே, அமுங்காமல் காற்றைப் பிடித்து வைக்கும் விரிப்பு தேவை. பிள்ளைகள் விளையாடும் நுரை விரிப்பும் யோகா விரிப்பும் இதற்கு ஏற்றவை. அவை தண்ணீரையும் உறிஞ்சுவதில்லை. தோத்தோ மெத்தை சுகமானது, ஆனால் நனைந்தால் கனக்கும், எளிதில் காயாது. ஒன்றும் இல்லாவிட்டால் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து இரண்டு மூன்று அடுக்காகப் போடலாம். அட்டையின் மடிப்புகளுக்குள்ளும் காற்று இருக்கிறது.

ஈர உடை ஆபத்து

ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். நனைந்த சட்டையில் 200 கிராம் நீர் இருந்தால், அது காய்வதற்குத் தேவைப்படும் வெப்பம் 4,80,000 ஜூல். ஓய்வாக இருக்கும் ஒருவரின் உடல் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் உண்டாக்கும் வெப்பம் இது. இதில் ஒரு பங்கு காற்றிலிருந்து வந்தாலும், மீதியை உடல்தான் கொடுக்க வேண்டும்.

உடல் வெப்பநிலை 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது உயிருக்கு ஆபத்து. முதியவர்களுக்கு நடுங்கி வெப்பம் உண்டாக்கும் திறன் குறைவு. கைக்குழந்தைகளுக்கு எடையோடு ஒப்பிடும்போது தோல் பரப்பு அதிகம். எனவே, முதலில் ஈர உடையை மாற்றுங்கள், அடுத்துத் தரையிலிருந்து உடலைப் பிரியுங்கள், பிறகு போர்த்துங்கள். குளிருக்காக மூடிய அறைக்குள் கரி அடுப்பு மூட்டக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குபவர் அறியாமலே உயிர் போகும்.

ஆளுக்கொரு பொட்டலம்

நுரை விரிப்பு ஒன்று, எளிதில் காயும் மெல்லிய பாலியெஸ்டர் கம்பளி ஒன்று, கைலி ஒன்று, மாற்றுடை ஒரு செட், காலுறை ஒரு ஜோடி. கைலி போர்வையாகும், உடை மாற்ற மறைப்பாகும், குழந்தைக்குத் தூளியும் ஆகும். குடும்பத்துக்கு ஒரு தார்ப்பாயும் கொசுவலையும் கயிறும் போதும். உடலைச் சுற்றியுள்ள வெதுவெதுப்பான காற்றைக் காற்றோட்டம் அடித்துச் செல்லாமல் தார்ப்பாய் தடுக்கும். மாடியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது மிக அவசியம். வெள்ளிநிற அவசரப் போர்வை உடலிலிருந்து வெளியேறும் வெப்பக் கதிர்வீச்சைத் திருப்பி அனுப்பும். ஆனால் அதைத் தரையில் விரிப்பதால் பயனில்லை, கடத்தலை அது தடுக்காது.

துணிகளை இரண்டு குப்பைப் பைகளுக்குள் வைத்து, காற்றை அழுத்தி வெளியேற்றி, வாயை இறுகக் கட்டுங்கள். பொட்டலத்தை மாடியிலோ அலமாரியின் மேல்தட்டிலோ வையுங்கள். கட்டிலுக்கு அடியில் வைத்தால் வெள்ளத்தில் முதலில் நனைவது அதுவாகத்தான் இருக்கும்.

இந்த வாரக் கடைசியில் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் விரிப்பை வெறும் தரையில் போட்டு அரை மணி நேரம் படுத்துப் பாருங்கள். முதுகு சில்லிட்டால் இன்னோர் அடுக்கு தேவை. வீட்டில் தாத்தா பாட்டி இருந்தால், அவர்களின் பொட்டலத்தில் கேட்காமலே ஓர் அடுக்கைக் கூட்டிவிடுங்கள்.