மண்ணீரல் அகற்றியவர்கள் இதயத்தையும் கவனிக்க வேண்டும்

தலசீமியா, உருண்டைச் சிவப்பணு நோய் போன்ற பரம்பரை இரத்தசோகைகளில் மண்ணீரலை அகற்றியபின் ஹீமோகுளோபின் உயரும். நோயே தீர்ந்துவிட்டதெனப் பலர் எண்ணிவிடுகின்றனர். ஆனால் அணுக்களின் பிறவிக் குறை அப்படியேதான் இருக்கிறது. சிதைந்த சிவப்பணுக்களை வடிகட்டிய உறுப்பு இல்லாததால் அவை இரத்தத்திலேயே சுற்றுகின்றன. பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்களும் பெருகுகின்றன. இதனால், குறிப்பாகத் தலசீமியாவில், கால் சிரையிலோ கல்லீரலுக்குச் செல்லும் சிரையிலோ இரத்தம் உறையலாம். நுரையீரல் தமனிகளில் அழுத்தம் ஏறினால் இதயத்தின் வலப்பக்கம் தளரும். அறுவைக்குப் பல ஆண்டுகள் கழித்தும் இது நேரலாம்.

இரண்டாம் உலகப் போரில் காயமுற்று மண்ணீரலை இழந்த 740 அமெரிக்க வீரர்களைப் பற்றிய ஆய்வு 1977இல் வெளிவந்தது. நிமோனியாவால் மட்டுமன்றி, இதயத் தமனி அடைப்பாலும் அவர்களிடையே இறப்பு கூடுதலாக இருந்தது. பரம்பரை இரத்தசோகைக்காரர்கள் அல்லர் அவர்கள்!

நடந்தால் மூச்சிரைப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கம், நெஞ்சுவலி, விடாத வயிற்றுவலி இருந்தால் உடனே வாருங்கள். காய்ச்சலுக்கும் காத்திருக்க வேண்டாம். எக்கோ பரிசோதனையை எத்தனை மாதங்களுக்கொரு முறை செய்வதென்று கேட்டறியுங்கள். ஆஸ்பிரின் எல்லோருக்கும் உரியதன்று; தாமாக வாங்கி உண்ணலாகாது. அறுவை நடந்த ஆண்டு, தடுப்பூசி விவரம் அடங்கிய சீட்டு எப்போதும் உடனிருக்கட்டும். கெங்கவல்லியிலிருந்து இரவில் ஆத்தூருக்கோ சேலத்துக்கோ விரைய நேர்ந்தால், அங்குள்ள மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான்.