இரவல் கால்கள்

மெக்சிகோவின் கிழக்கே, வளைகுடாவை நோக்கி மலைகள் இறங்கும் பகுதிக்கு ஹுவாஸ்தேக்கா என்று பெயர். வெராக்ரூஸ், ஹிடால்கோ, சான் லூயிஸ் பொட்டோசி என்று பல மாநிலங்களில் பரவிக் கிடக்கும் இந்த நிலத்தில் நாவாட்லும் தேனெக்கும் இன்றும் வீட்டு மொழிகள். அக்டோபர் கடைசியில் தொடங்கி நவம்பர் 2 வரை இறந்தவர்கள் இங்கே வீடு திரும்புகிறார்கள். முதலில் குழந்தைகள், பிறகு பெரியவர்கள். அவர்களுக்காக வளைவு கட்டி, பூச்சூட்டி, படையல் வைப்பது உலகறிந்த சங்கதி. அந்தப் பூ செம்பசூச்சில். மெக்சிகோவிலிருந்து கிளம்பி நம் ஊருக்கு வந்து செண்டுமல்லி ஆகிவிட்ட அதே பூ. வெளியே அவ்வளவாகப் பேசப்படாதது, அந்த நாட்களில் வீடு வீடாகப் போய் ஆடும் முகமூடிக் குழுக்கள். ஆடுபவர்களுக்கு வேவே என்று பெயர், நாவாட்லில் கிழவர் என்று பொருள். இங்கே கிழவர் என்றால் முன்னோர். இந்த ஆட்டத்தைக் கற்க வருபவர் எதைக் கற்கிறார் என்று கேட்டால், காலடி என்றுதான் யாரும் சொல்வார்கள். காலடி அதில் சிறு பங்கு. தன் உடம்பைச் சில நாட்களுக்கு வேறொருவருக்கு ஒழித்துக் கொடுப்பதே பெரும் பங்கு என்பது என் கட்சி.

காலடியையே முதலில் எடுத்துக்கொள்வோம். இசைக்கு மூன்று பேர் போதும்: ஒரு வயலின், ஐந்து தந்திகள் கொண்ட குட்டிக் கிட்டாரான ஹரானா, எட்டுத் தந்திகள் கொண்ட அதன் அண்ணன் வாபாங்கேரா. ஹுவாஸ்தேக்காவின் சோன் இசையில் ஆறு எண்ணிக்கை ஒரு சுற்று. அதைத் ‘தகிட தகிட’ என்றும் வெட்டலாம், ‘தக தக தக’ என்றும் வெட்டலாம். வாத்தியங்கள் ஒரு கணக்கிலிருந்து மற்றதற்குத் தாவும், சில நேரம் இரண்டும் சேர்ந்தே ஓடும். பழகாத காது தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். அது பிடிபட்டுவிட்டால், குதிகாலாலும் முன்பாதத்தாலும் தரையை மாற்றி மாற்றி அடிக்கும் அடிப்படை அடி சீக்கிரமே வந்துவிடும். வித்தை காட்ட அதில் பெரிய இடமில்லை. வீடு வீடாக, மணிக்கணக்கில், ஒரே சீராக ஆட வேண்டிய அடி அப்படித்தான் இருக்க முடியும்.

கடினமான பாடம் முகமூடியில் ஆரம்பிக்கிறது. கல்யாண முருங்கையின் உறவான பெமூச்சே போன்ற இலேசான மரத்தில் செதுக்கியது அது. கண்ணுக்கு விட்ட சின்ன ஓட்டை வழியே எதிரில் நிற்பவர் தெரிவார், சொந்தக் கால் தெரியாது. ஆகவே காது சொல்வதைக் கால் கேட்க வேண்டும். தலையைத் துணி மறைக்கும், உடம்பைப் பழைய சட்டையோ பாவாடையோ மறைக்கும். பேச நேர்ந்தால் குரலைக் கீச்சென்று மாற்றிக்கொள்வார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கூட ஆளைக் கண்டுபிடிக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் ஊரில் இரண்டு விளக்கங்கள் உண்டு: ஆடுபவர் யாரென்று சாவுக்குத் தெரியக் கூடாது என்பது ஒன்று; ஆடுவது அவரே இல்லை, உடம்பை வாங்கிக்கொண்டு வந்த இறந்தவர் என்பது இன்னொன்று. எதை ஏற்றாலும் ஆடுபவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். தன் நடை, தன் குரல், தன் தோரணை எதுவும் வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதுவும் மருள் வந்தல்ல, முழு நினைவோடு.

இது வெறும் மாறுவேடக் கூத்து என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் வலு இல்லாமல் இல்லை. குழுவில் கொம்பு வைத்த பிசாசு உண்டு, மாட்டுக்காரன் உண்டு, வயிற்றில் துணி திணித்த கர்ப்பிணி உண்டு. பெண் வேடமெல்லாம் வழக்கமாக ஆண்கள் கட்டுவது (இப்போது பெண்களும் ஆட வருகிறார்கள்). முற்றம் முழுக்கச் சிரிப்பு. ஆனால் கூத்து வேஷத்தை எப்போது வேண்டுமானாலும் கலைக்கலாம். இங்கே அதற்குத் தனிச் சடங்கு இருக்கிறது, ‘தெஸ்தாப்பே’ என்பார்கள், அதாவது திறப்பு. சாம்பிராணி போன்ற கொப்பால் பிசினின் புகை காட்டி, எல்லார் முன்னாலும் முகமூடியைக் கழற்றுகிறார்கள். சில ஊர்களில் இதற்கு நவம்பர் முடியும்வரை காத்திருக்கிறார்கள். வேடிக்கைக்குப் போட்ட முகத்தைக் கழற்ற இத்தனை முறை எதற்கு? வாங்கிய பொருளைத் திருப்பித் தருவதற்குத்தான் முறை வேண்டும்.

இன்னொரு மறுப்பு வரலாற்றிலிருந்து வருகிறது. பண்டிகையின் உள்ளூர்ப் பெயர் ஷாந்தோலோ. அது ‘சாங்க்தோரும்’ என்ற லத்தீன் சொல் நாவாட்ல் நாக்கில் உருண்டு வந்தது. வயலினும் கிட்டாரும் ஸ்பானியர் கொண்டுவந்தவை. அப்படியானால் பூர்வகுடி ஆட்டம் என்பது வெறும் பேச்சா? 16ஆம் நூற்றாண்டில் இருந்த தொமினிக்கன் துறவி தியேகோ துரான் இதற்கு நேர் எதிராகக் கவலைப்பட்டார். சகல புனிதர் நாளில் மக்கள் இறந்த குழந்தைகளுக்கும் மறுநாள் பெரியவர்களுக்கும் படைப்பதைப் பார்த்து, பழைய அஸ்தேக்க விழாக்களைத்தான் தேதி மாற்றிக் கொண்டாடுகிறார்கள் என்று சந்தேகப்பட்டு எழுதிவைத்தார். துறவியின் சந்தேகம் நமக்குச் சாட்சியாகிவிட்டது. வாத்தியமும் சொல்லும் கடன் வாங்கியவை. வாங்கியவர்கள் அவற்றை எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதே கேள்வி.

முகமூடி இல்லாத இடத்தில் என் வாதம் நிற்குமா என்றும் பார்த்துவிட வேண்டும். மத்திய மெக்சிகோவின் கொன்ச்செரோ ஆட்டக்காரர்கள் முகத்தை மறைப்பதில்லை. ஆர்மடில்லோ ஓட்டில் செய்த தந்தி வாத்தியமான கொன்ச்சாவிலிருந்து வந்தது அவர்கள் பெயர். ஆட்டத்துக்கு முந்தைய இரவு முழுக்க விழித்திருந்து, காலமான ஆட்டத் தலைவர்களின் ஆன்மாக்களைப் பாட்டால் அழைக்கிறார்கள். ஒவ்வொரு ஆட்டமும் அனுமதி கேட்டே தொடங்கும். பாதத்தால் தரையில் சிலுவைக் குறி போடுவார்கள். பாடம் சொல்லித்தரும் வகுப்பு வழக்கமாகக் கிடையாது, வட்டத்தில் சேர்ந்து எதிரில் ஆடுபவர் காலைப் பார்த்தே படிக்க வேண்டும். கணுக்காலில் அயோயோத்தே என்ற காய்ந்த கொட்டைகளைக் கட்டியிருப்பார்கள். அவை மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட பொன்னரளியின் கொட்டைகள். நம் வேலியோரத்தில் விஷமாக மட்டுமே பெயர் வாங்கியவை. அரை நொடி பிந்தி வைத்த காலை அவை சத்தமாகக் காட்டிக்கொடுக்கும். எல்லார் கொட்டையும் ஒன்றாக ஒலிக்கும்போது எந்தச் சத்தம் யாருடையது என்று பிரிக்க முடியாது. முகமூடி கண்ணுக்குச் செய்வதை இந்தக் கொட்டைகள் காதுக்குச் செய்கின்றன.

விளம்பரம் இதையெல்லாம் கெடுத்துவிட்டது என்பவர்களோடு எனக்குப் பாதி உடன்பாடு. மெக்சிகோ பூர்வகுடிகளின் இறந்தோர் பண்டிகையை யுனெஸ்கோ 2003இல் மனிதகுலத்தின் பாரம்பரியமாக அறிவித்து, 2008இல் தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2015இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான ‘ஸ்பெக்டர்’ மெக்சிகோ நகரில் இறந்தோர் ஊர்வலம் ஒன்றைக் கற்பனையாகக் காட்ட, 2016இல் நகர நிர்வாகம் அதை நிஜமாகவே நடத்தத் தொடங்கியது. ஹுவாஸ்தேக்காவிலும் மேடை வந்துவிட்டது, குழுக்களுக்குள் போட்டி நடக்கிறது. மேடை ஏறியதால் மட்டும் ஆட்டம் பொய்யாகிவிடாது. மேடையில் ஆடிய குழுவே ஊர் திரும்பி, முற்றங்களில் ஆடி, கடைசியில் கொப்பால் புகையில் முகமூடியைக் கழற்றவும் செய்யலாம். தலைநகர ஊர்வலத்தில் நடப்பவருக்கு அந்த வேலை இல்லை. முகச் சாயத்தைத் துடைத்துவிட்டு அவர் பஸ் ஏறிவிடலாம்.