கேட்டமரானும் அவுட்ரிகரும்

சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரையிலான கரையில் மீனவர் நெடுங்காலமாகக் கையாண்ட கலங்களில் இரண்டு, ஆங்கிலத்தில் ஓயாமல் குழப்பப்படுபவை. கட்டைகளைப் பக்கம் பக்கமாக வைத்துக் கயிற்றால் இறுக்கியது தெப்பம். சிங்களத்தில் ‘ஒருவ’ என்பது வேறு: குடைந்த மரத்தின்மேல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து உயர்த்தி, ஒரு பக்கம் மட்டும் இரண்டு கழிகளை நீட்டி, நுனியில் மிதவைக் கட்டை பூட்டியிருப்பார்கள். முன்னது கேட்டமரான், பின்னது அவுட்ரிகர். பிரித்தானியர் காலத் தபால் அட்டைகளிலோ ஒருவவின் படத்துக்குக் கீழேயே கேட்டமரான் என்று அச்சிட்டார்கள்.

கேட்டமரானின் மூலம் நம் கட்டுமரம் என்ற சொல்; அது வினைத்தொகை. வில்லியம் டாம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூலில், சோழமண்டலக் கரையின் கட்டைத் தெப்பங்களை இந்தப் பெயராலேயே குறிக்கிறார். 1876இல் அமெரிக்கரான நதானியல் ஹெரஷாஃப் இரட்டை உடல் கொண்ட பாய்ப்படகைக் கட்டியபின், அவ்வகைப் படகுக்கே பெயர் நிலைத்தது. மூன்று உடல் வந்தபோது ‘ட்ரைமரான்’ என்றார்கள். கட்டு கழன்றுபோய், நம் மரம் ஆங்கிலத்தில் படகின் உடலாகிவிட்டது!

அவுட்ரிகர் அப்படியல்ல. அது முதலில் வெளியே நீட்டிய அந்த உறுப்பின் பெயர். பிறகு முழுப் படகுக்கும் ஆனது. நம் இலக்கணத்தில் சினையாகுபெயர். ஆகவே ஒருவவுக்கு அவுட்ரிகர் உண்டு என்றாலும், ஒருவ ஓர் அவுட்ரிகர் என்றாலும் ஆங்கிலத்தில் சரியே. கேட்டமரானை இப்படி இரு வகையாகச் சொல்ல முடியாது. அது எப்போதும் முழுக் கலம்.

பெயரை மாற்றிச் சொன்னால் மறைந்துபோவது தொழில்நுட்பம். தெப்பத்துக்கு உள்ளறை கிடையாது. மேலேறும் அலை இடுக்குகள் வழியே வடிந்துவிடும். அகலம் அதைக் கவிழாமல் காக்கும். ஒருவவின் உடலோ மிக ஒடுக்கமானது, மிதவை இல்லாவிட்டால் பாய் விரித்ததும் சாய்ந்துவிடும். மிதவையை எப்போதும் காற்று வரும் பக்கமே வைப்பார்கள். காற்று பாயைத் தள்ளும்போது மிதவை எழும்பப் பார்க்கும். அதன் பாரமே படகை நிமிர்த்தும். காற்று வலுத்தால் ஆட்கள் கழிமேல் நடந்து வெளியே போய்ப் பாரம் கூட்டுவார்கள். எதிர்த்திசைக்குத் திரும்ப வேண்டுமானால் படகைத் திருப்பினால் மிதவை தவறான பக்கம் போய்விடும். எனவே பாயை மறுமுனைக்கு மாற்றுவார்கள். அணியம் பின்னாகி, பின்புறம் அணியமாகும். ஒருவவின் இரு முனைகளும் கூராக ஒரே வடிவில் இருப்பது இதற்காகத்தான்.