காற்றில் ஓடும் குட்டிப் படகுகள்

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் ‘கன்சர்வேட்டரி வாட்டர்’ என்றொரு குளம் உண்டு. அதன் கரையில் செடிகள் வளர்க்கக் கண்ணாடி மாளிகை ஒன்று வருவதாக இருந்தது. மாளிகை வரவில்லை, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

குளிர் விலகிய மாதங்களில், சனிக்கிழமை தோறும் மாடல் படகுச் சங்கத்தார் பாய்மரப் படகுகளைச் சுமந்துகொண்டு அங்கே பந்தயத்துக்கு வந்துவிடுவார்கள். படகில் மோட்டார் இல்லை, காற்றுதான் தள்ள வேண்டும். கரையில் நிற்பவர் கையிலுள்ள ரேடியோ கருவிக்கு இரண்டே வேலை: சுக்கானைத் திருப்புவது, பாயின் கயிற்றை இழுப்பது அல்லது தளர்த்துவது. சுற்றிலும் மரங்கள் காற்றைக் கலைத்துவிடுவதால், நீரில் ஓடும் சிற்றலையைப் பார்த்தே அடுத்த காற்றைக் கணிக்க வேண்டும். ஆட்டத்தின் அழகே அதில்தான் இருக்கிறது!

ரேடியோவால் படகை ஓட்டும் வித்தை பிறந்ததும் இதே ஊரில்தான். 1898-ல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், தொட்டி நீரில் மிதந்த சிறு படகைக் கம்பியே இல்லாமல் இயக்கிக் காட்டினார் நிக்கோலா டெஸ்லா. அதே ஆண்டு நவம்பர் 8-ல் காப்புரிமையும் பெற்றார்.

1945-ல் வெளியான ‘ஸ்டூவர்ட் லிட்டில்’ கதையில், எலியைப் போன்ற அந்தக் குட்டி நாயகன் படகுப் பந்தயத்தில் ஜெயிப்பதும் சென்ட்ரல் பார்க்கின் படகுக் குளத்தில்தான்.