கல்லில் இருக்கும் சிலிக்கான் சிப்பில் என்ன செய்கிறது?

கம்ப்யூட்டர் வாங்கியதும் காதில் விழும் சொல் ‘சிலிக்கான் சிப்’. இந்தச் சிலிக்கான் எங்கே கிடைக்கிறது என்று எங்கள் உத்திரமேரூரில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேட்டால், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைக் காட்டுவேன். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் குடவோலைத் தேர்தல் விதிகளைப் பொறித்து வைத்த சுவர் அது. கருங்கல்லில் அதிகம் இருப்பவை ஆக்சிஜனும் சிலிக்கானும்தான். செய்யாற்று மணலும் பெரும்பாலும் இதே சரக்குதான்.

அப்படியானால் கல்லில் ஏன் கரண்ட் பாய்வதில்லை? சிப்பில் மட்டும் எப்படிப் பாய்கிறது? சிலிக்கான் அணுவில் எலக்ட்ரான்கள் எப்படி அமைந்திருக்கின்றன என்று பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

அணுவின் நடுவில் உட்கரு. அதைச் சுற்றிக் கூடு கூடாக எலக்ட்ரான்கள். முதல் கூட்டில் 2, இரண்டாவதில் 8, மூன்றாவதில் 18 வரை இடம் உண்டு. சிலிக்கானுக்கு மொத்தம் 14 எலக்ட்ரான்கள். 2, 8 போக மீதி 4 வெளிக்கூட்டில். பள்ளியில் கே, எல், எம் என்று வட்டம் போட்டுப் படித்தோமே, அதுதான். நீல்ஸ் போர் 1913இல் சொன்ன கருத்திலிருந்து வந்த படம் அது. உண்மையில் எலக்ட்ரான் டவுன் பஸ் மாதிரி ஒரே ரூட்டில் சுற்றுவதில்லை. மேகம் போன்ற ஒரு பகுதியில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். நம் கணக்குக்கு வட்டமே போதும்.

உள்ளே உள்ள 10 எலக்ட்ரான்கள் இடத்தை விட்டு நகராது. வேலையெல்லாம் வெளியே உள்ள நான்குக்குத்தான். கல்லில் இந்த நான்கும் ஆக்சிஜனோடு இறுகப் பிணைந்து கிடக்கின்றன. அதனால் கரண்ட் பாய வழியில்லை. ஆக்சிஜனைப் பிரித்துச் சுத்தப்படுத்திய சிலிக்கானில், ஒவ்வொரு அணுவும் பக்கத்திலுள்ள நான்கு சிலிக்கான் அணுக்களோடு கைகோத்து நிற்கும். இந்தப் பிடி அவ்வளவு இறுக்கமில்லை. ஆகவே இதைக் குறைகடத்தி என்கிறோம்.

இதில் துளியூண்டு பாஸ்பரஸ் சேர்த்தால் என்ன ஆகும்? அதன் அமைப்பு 2, 8, 5. நான்கு கைகோத்தபின் ஒரு எலக்ட்ரான் உபரி. போரான் சேர்த்தாலோ (2, 3) ஓர் இடம் காலி. இந்த உபரியையும் காலியையும் அடுத்தடுத்து வைத்துச் செய்த சுவிட்ச்தான் டிரான்சிஸ்டர். ஆன் என்றால் 1, ஆஃப் என்றால் 0. 2000இல் வந்த பென்டியம் 4இல் இப்படி 4 கோடியே 20 லட்சம் சுவிட்சுகள் இருந்தன. இன்றைய ப்ராசஸர்களில் பல நூறு கோடி.

1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் செய்த முதல் டிரான்சிஸ்டர் ஜெர்மானியத்தால் ஆனது. அதற்கும் வெளிக்கூட்டில் நான்குதான் (2, 8, 18, 4). ஆனால் அந்த நான்கும் உட்கருவிலிருந்து இன்னும் ஒரு கூடு தள்ளி இருக்கின்றன. பிடி தளர்வு. கொஞ்சம் சூடானாலே எலக்ட்ரான்கள் கழன்று, ஆஃப் செய்த சுவிட்சிலும் கரண்ட் கசியும். சிலிக்கான் வென்றதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிலிக்கானும் ஓர் அளவுக்குத்தான் தாங்கும். சூடு ஏற ஏறக் கசிவு கூடும். கசிவு கூடினால் சூடு இன்னும் ஏறும். அப்போது ப்ராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மிஞ்சினால் மெஷினே ஆஃப் ஆகிவிடும். எனவே சித்திரை வெயிலில் கம்ப்யூட்டர் மெதுவானால் உடனே வைரஸ் என்று பயப்பட வேண்டாம். ஆஃப் செய்து, பிளக்கைக் கழற்றிவிட்டு, ஃபேனில் தூசி அடைந்திருக்கிறதா என்று பாருங்கள். கேபினெட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். சிலர் ஆசையாகப் பூப்போட்ட துணி உறை தைத்துப் போடுகிறார்கள். போடுங்கள், ஆனால் கம்ப்யூட்டரை ஆன் செய்யும் முன் எடுத்துவிடுங்கள்.